"உங்கள் வடிவமைப்புச் செயன்முறை என்ன?": ஒரு நேர்முகக் கேள்வியின் பின்னணி

கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ இருந்துகொண்டு, கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனமொன்றுக்கோ வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கோ பயனர் அனுபவ வடிவமைப்பாளராக (செயலிகளையும் இணையத்தளங்களையும் பயன்படுத்துவோரின் நோக்கில் வடிவமைப்பவராக) பணியாற்ற விரும்பும் இளைஞர்கள் நேர்முகப் பரீட்சையில் எதிர்கொள்ளும் வழக்கமான கேள்விகளுள் ஒன்று, "உங்கள் வடிவமைப்புச் செயன்முறை என்ன?" என்பதாகும். இதற்குப் பெரும்பாலும் மனப்பாடமான விடையே வருகிறது: முதலில் பயனரை ஆராய்வேன், பிறகு பிரச்சினையை வரையறுப்பேன், யோசனைகளைத் திரட்டுவேன், மாதிரி செய்வேன், பரீட்சித்துப் பார்ப்பேன். விடையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அடுத்து உள்ளே வரும் விண்ணப்பதாரியும் இதையே சொல்வார் என்பதால், கேட்டவருக்கு இவரைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவராது. ஒருவருடைய செயன்முறை என்பது அவர் எந்தக் கேள்வியை எந்தக் கேள்விக்கு முன்னர் கேட்கிறார் என்ற ஒழுங்கே என்றும், அதை விளக்குவதென்றால் எந்தத் தகவல் எந்த முடிவை மாற்றியது என்று காட்டுவதே என்றும் நான் கருதுகிறேன்.

மனப்பாட விடையாக மாறிவிட்ட இந்தப் படிமுறைகள் வேறு தேவைக்காகப் பிறந்தவை. அறிவாற்றல் அறிவியலாளர் டொன் நோர்மன் 1993 இல் ஆப்பிள் நிறுவனத்தில் தம்மைப் 'பயனர் அனுபவச் சிற்பி' என்று அழைத்துக்கொண்டபோது, திரையை மட்டுமன்றி, பொருளை வாங்குவது முதல் பழுதுபார்ப்பது வரையான முழு உறவையும் அந்தப் பதவிப் பெயருக்குள் அடக்க விரும்பினார். 1999 இல் வெளியான ஐஎஸ்ஓ 13407 என்ற சர்வதேச நியமமும், 2010 இல் அதன் இடத்துக்கு வந்து 2019 இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 9241-210 நியமமும், பயன்பாட்டுச் சூழலை அறிதல், தேவைகளைக் குறித்தல், தீர்வை உருவாக்குதல், மதிப்பிடுதல் ஆகிய நான்கு செயல்களைக் குறிப்பிடுகின்றன. அவற்றை எந்த உத்தியைக் கொண்டு செய்வது என்பதை அவை விதிக்கவில்லை. பிரித்தானிய வடிவமைப்புப் பேரவை 2005 அளவில் பரப்பிய 'இரட்டை வைரம்' என்ற வரைபடம், முதலில் விரிந்து பின்னர் குவியும் சிந்தனை இரு தடவை நிகழ்கிறது என்று காட்டியது: ஒரு தடவை பிரச்சினையைத் தேடுவதில், மறு தடவை தீர்வைத் தேடுவதில். பெரிய நிறுவனங்கள் காலத்தையும் பணத்தையும் பங்கிடவும், பல துறையினர் ஒரே மேசையில் ஒரே மொழி பேசவும் இவை நன்கு உதவுகின்றன. அக்கரைப்பற்றில் வீட்டு முன்னறையில் மடிக்கணினியோடு தனியே இருக்கும் ஒருவருக்கு, இன்று காலை எதிலிருந்து தொடங்குவது என்பதை இவை சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று அவற்றை உருவாக்கியவர்கள் நினைக்கவும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலுள்ள கமக்காரர் அமைப்பு ஒன்று, வெட்டு மெஷின் முன்பதிவு செய்யும் செயலியொன்று வேண்டும் என்று கேட்கிறது என்று கொள்வோம். பெரும்போக நெல் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் முற்றுகிறது; இருக்கும் மெஷின்கள் போதாமல் வெளி மாவட்டங்களிலிருந்தும் வருகின்றன; எந்த மெஷின் எப்போது வரும் என்று தெரியாமல் கமக்காரர்கள் தொலைபேசியும் கையுமாக நிற்கிறார்கள். இந்த அளவு தகவலோடு உட்காரும் எந்த வடிவமைப்பாளரும் முதலில் வரைவது பேருந்து ஆசனப் பதிவைப் போன்ற ஒன்றாகவே இருக்கும்: திகதியைத் தெரிவு செய்க, நேரத்தைத் தெரிவு செய்க, ஏக்கர் அளவை உள்ளிடுக, உறுதி செய்க. ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஒரு மாலைப் பொழுதுக்குள் அழகாக முடித்துவிடலாம்.

வயலை நன்கு அறிந்த ஒருவருக்கு இந்த வரைவைக் காட்டியதும் அது உடைகிறது. வட்டையின், அதாவது பல வயல்கள் சேர்ந்த வயல்தொகுதியின், நடுவிலுள்ள வயலுக்குத் தனிப்பாதை இருக்காது. ஓரத்து வயல்கள் வெட்டி முடிந்தால்தான் மெஷின் உள்ளே இறங்க வழி கிடைக்கும். ஒரே நாளில் விதைத்திருந்தாலும், மூன்று மாத இனமான பிஜி 300 போட்டவரின் வயல், மூன்றரை மாத இனமான பிஜி 358 போட்டவரின் வயலுக்கு முன்னரே முற்றிவிடும். ஆகவே நடு வயல்காரர் முந்திப் பழுத்த இனத்தை விதைத்து ஓரத்து வயல்காரர் பிந்தியதை விதைத்திருந்தால், செயலியில் யார் எந்த நேரத்தைப் பதிவு செய்தாலும் பயனில்லை. இடையில் மழை பெய்து தரை இளகிவிட்டால் முழு வரிசையும் தள்ளிப்போகும். விதைப்புத் திகதியும் தண்ணீர் திறக்கும் திகதியும் பருவத்தின் முன்னே நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் பேசி முடிவாகின்றன. அவற்றோடு அறுவடை ஒழுங்கின் பாதியும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. பதிவு செய்ய வேண்டிய அலகு தனிக் கமக்காரர் அல்லர், வட்டை. ஒதுக்க வேண்டியது நேரமன்று, முறை வரிசை.

இந்த இடத்தில் வடிவமைப்பாளரின் பிரச்சினை வரையறையே மாறிவிடுகிறது. 'கமக்காரர் எப்படி மெஷினைப் பதிவு செய்வார்?' என்ற கேள்வி போய், 'வரிசையை யார் ஒழுங்குபடுத்துகிறார், அது மாறும்போது மற்றவர்களுக்கு எப்படித் தெரியவரும்?' என்ற கேள்வி வருகிறது. வரிசையை ஒழுங்குபடுத்துபவர் சில இடங்களில் தரகராக இருப்பார், சில இடங்களில் வட்டையின் பொறுப்பாளரான வட்டவிதானையாக இருப்பார். அந்த ஒருவருக்கு மட்டுமே செயலி தேவைப்படுகிறது. ஏனையோருக்கு ஒரு குறுஞ்செய்தி போதும். பல திரைகளாக விரிந்திருந்த வேலை, பெயர்களை மேலும் கீழும் நகர்த்தக்கூடிய ஒரே பட்டியலாகச் சுருங்குகிறது. வாடிக்கையாளர் 'செயலி' என்று கேட்டிருக்க, பெரும்பாலானோருக்குச் செயலியே வேண்டாம் என்று சொல்லும் துணிவு இதில்தான் பிறக்கிறது.

கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோஸ்ட் ரிட்டெலும் மெல்வின் வெபரும் 1973 இல் எழுதியது இங்கு நினைவுக்கு வருகிறது. சமூகத் திட்டமிடலில் எதிர்ப்படும் சில பிரச்சினைகளை முதலில் முழுதாக வரையறுத்துவிட்டுப் பின்னர் தீர்க்கப் புறப்பட முடியாது என்றும், தீர்வை யோசிக்கும்போதுதான் பிரச்சினையின் வடிவமே தெரியவருகிறது என்றும் அவர்கள் வாதிட்டார்கள். மேலே சொன்ன ஆசனப் பதிவு வரைவு பிழையானது; ஆயினும் அதை வரைந்து ஒருவர் கையில் கொடுத்திராவிட்டால், நடு வயலுக்குப் பாதையில்லை என்ற செய்தி வெளிவந்திருக்க மாட்டாது. வெறுமனே "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டால் கமக்காரர் உர விலையைப் பற்றிப் பேசுவார், அதுவும் நியாயமே. அதனால், இத்தகைய வேலைகளில் முரட்டு வரைவை ஆராய்ச்சிக்கு முன்னரே கையில் எடுத்துச் செல்வது என் தெரிவு. பாடநூல் வரிசை இதற்கு எதிரானது என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். தனிப்பட்ட செயன்முறை என்பது இப்படியான, காரணம் சொல்லக்கூடிய விலகல்களால் ஆனது.

விலகல்கள் நினைவில் மட்டும் இருந்தால் சில மாதங்களில் மறைந்துவிடும். எழுதி வைத்தால்தான் அவை செயன்முறையாகத் திரளும். மென்பொருள் கட்டமைப்பாளர்களிடம் இதற்கு நல்ல வழக்கம் ஒன்று உண்டு. மைக்கல் நைகார்ட் 2011 இல் முன்வைத்த முறைப்படி, ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதப்படுகிறது: எந்தச் சூழலில் எடுத்தோம், என்ன முடிவெடுத்தோம், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதனால் என்ன விளையும். வடிவமைப்பாளர் இதனோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்: எந்த மாற்று யோசனையை ஏன் விட்டோம், எந்தத் தகவல் வந்தால் இந்த முடிவைக் கைவிடுவோம். கடைசியில் சொன்னதுதான் கடினமானது, அதிகம் பயன் தருவதும் அதுவே. 'வரிசையை ஒருவரே நிர்வகிப்பார்' என்ற முடிவுக்குப் பக்கத்தில், 'ஒரே வட்டையில் இரண்டு தரகர்கள் போட்டியிடுவது தெரியவந்தால் இதை மாற்ற வேண்டும்' என்று எழுதி வைத்திருப்பவர், பின்னர் அப்படி ஒன்று நடக்கும்போது தடுமாற மாட்டார்.

சில வேலைகள் முடிந்த பிறகு இந்தக் குறிப்புகளைச் சேர்த்து வாசித்தால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் தாமாகவே புலப்படும். நமது பகுதியில் வேலை செய்பவரின் குறிப்பேட்டில் அடிக்கடி வரக்கூடியது, 'தொலைபேசி யாருடைய கையில் இருக்கிறது?' என்பதாகும். இணையவழி விண்ணப்பங்களைப் பலர் தாமாக நிரப்புவதில்லை. சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடைக்குப் போய், அடையாள அட்டையை நீட்டி, "தம்பி, இத ஒருக்கா போட்டுத் தாங்க" என்கிறார்கள். அங்கே திரையைப் பார்ப்பவர் ஒருவர், தகவலுக்கு உரியவர் இன்னொருவர், உறுதிப்படுத்தும் இலக்கம் வந்து சேரும் தொலைபேசி சில வேளை வீட்டிலிருக்கும் மகளுடையது. ஒரு நிமிடத்தில் காலாவதியாகும் இலக்கத்தை அனுப்பும் வடிவமைப்பு இந்த மூவரையும் ஒருசேரத் தோற்கடித்துவிடும். இதை ஒரு தடவை கண்டுகொண்டவர், அடுத்த வேலையில் கணக்குத் திறக்கும் திரையை வரைவதற்கு முன்னரே அந்தக் கேள்வியைக் கேட்பார். அது அவருடைய செயன்முறையின் ஒரு படியாகிவிடும்.

படிவப் பெட்டிகளும் இவ்வாறே. இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்களும் இறுதியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படும் புதியவை பன்னிரண்டு எண்கள் கொண்டவை. எண் விசைப்பலகை மட்டும் திறக்கும் பெட்டியை அமைத்தால், பழைய அட்டை வைத்திருக்கும் மூத்தவர் தம் இலக்கத்தின் கடைசி எழுத்தை உள்ளிட வழியின்றி நிற்பார். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகளைக் கட்டாயமாக்கினால், தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட ஆரையம்பதிக்காரரும், மூன்று தலைப்பெழுத்துகளோடு ஒற்றைப் பெயர் எழுதும் காத்தான்குடிக்காரரும் எதையோ ஒன்றை இட்டு நிரப்ப வேண்டியதாகும். 'முழுப்பெயர்' என்று ஒரு பெட்டி போதும்.

குறுஞ்செய்தி விடயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொழில்நுட்ப வரம்பு ஒன்று வடிவமைப்பை நேரடியாக வெட்டிச் செதுக்குவதை இங்கே காணலாம். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 இடங்கள் உண்டு. தமிழில் எழுதினால் யுனிகோடு முறைக்கு மாறி 70 இடங்களே கிடைக்கும். அதிலும் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி இடமாகக் கணக்கிடப்படுகின்றன: 'மணிக்கு' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, தொலைபேசிக்கு ஏழு இடம். "நாளை காலை 7 மணிக்கு உங்கள் வயலில் வெட்டு தொடங்கும்" என்ற வாக்கியம் இடைவெளிகளோடு 50 இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. எஞ்சிய 20 இடங்களுக்குள் மெஷின் சாரதியின் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணைப் போடலாம். கமக்காரரின் பெயரை விளித்து, அமைப்பின் பெயரையும் எழுதி, நன்றியும் சொல்ல இடமில்லை. 70 ஐத் தாண்டினால் செய்தி இரண்டாகப் பிரிந்து கட்டணமும் இரட்டிக்கும். ஆகவே எது முக்கியம் என்ற கேள்விக்குத் திட்டத்தின் தொடக்கத்திலேயே விடை காண வேண்டியிருக்கிறது. சாரதியின் எண்ணே முக்கியம், ஏனென்றால் செய்தி வந்த கையோடு கமக்காரர் அவருக்கு அழைப்பெடுத்துத்தான் உறுதி செய்வார். வாசகத்தை எழுதுவதை இறுதிக் கட்ட அலங்காரமாக வைத்திருப்பவரின் செயன்முறைக்கும், முதல் நாளே எழுதிப் பார்ப்பவரின் செயன்முறைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட என்னிடம் வேறு உதாரணம் இல்லை.

திரையின் நிற வேறுபாடு பற்றி ஒரு வரி: இணைய அணுகல் வழிகாட்டிகள் சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தபட்சம் 4.5:1 என்ற ஒளி வேறுபாட்டையும், உயர்நிலைக்கு 7:1 என்பதையும் கேட்கின்றன. வயல்வெளி உச்சி வெயிலில் பார்க்கப்படும் திரைக்கு இரண்டாவதையே எடுத்துக்கொள்ளலாம்.

பரீட்சித்தல் பற்றி நிலவும் கருத்துகளுள் அதிகம் சிதைந்தது 'ஐந்து பேர் போதும்' என்பதாகும். ஜேகப் நீல்சனும் தோமஸ் லண்டோவரும் 1993 இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பயனர் சராசரியாக 31 வீதமான குறைகளை வெளிக்கொணர்கிறார் என்று கொண்டால், ஐந்து பேர் ஏறத்தாழ 85 வீதத்தை வெளிக்கொணர்வார்கள். ஆனால் 31 என்பது அவர்கள் ஆராய்ந்த திட்டங்களின் சராசரி. குறைகள் ஒளிந்து கிடக்கும் வேலையில், ஒருவர் 10 வீதத்தையே கண்டால், அதே ஐந்து பேரால் 41 வீதம்தான் வெளிவரும். மேலும், ஒரே வகைப் பயனர்களுக்கே அக்கணக்குப் பொருந்தும். வகைகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஒவ்வொரு வகையிலும் மூவரையாவது பார்க்கும்படி நீல்சனே பின்னர் எழுதினார். நம் எடுத்துக்காட்டில் கமக்காரர், வரிசை ஒழுங்குபடுத்துபவர், மெஷின் சாரதி என்று மூன்று வகையினர் உள்ளனர். ஐந்து கமக்காரர்களை மட்டும் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுப் பரீட்சை முடிந்தது என்று எழுதினால், சாரதி எந்த மொழியில் குறுஞ்செய்தியை வாசிப்பார் என்பதுகூடத் தெரியாமலே போய்விடும். பொலன்னறுவையிலிருந்து வந்த, சிங்களம் மட்டுமே வாசிக்கும் சாரதிக்குத் தமிழ்ச் செய்தி உதவாது.

இன்னொரு சிக்கல் நமது உபசாரம். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் மாதிரியைக் காட்டி எப்படியிருக்கிறது என்று கேட்டால், "நல்லா இரிக்கு மகன்" என்பார். பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறான், மனம் நோகக் கூடாது என்ற அன்பு அது, தரவு அன்று. ஒன்று பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை அளக்க ஜோன் புரூக் 1986 இல் உருவாக்கிய பத்துக் கூற்று வினாக்கொத்தைத் தமிழில் வாய்மொழியாகக் கேட்டாலும் இந்த இடர் உண்டு: அதில் நேர்க்கூற்றும் எதிர்க்கூற்றும் மாறி மாறி வரும், இரண்டுக்கும் 'ஓம்' என்று தலையாட்டினால் புள்ளி நடுவில் போய் நின்று எதையும் உணர்த்தாது. எனவே கருத்துக் கேட்பதைக் குறைத்து வேலை கொடுப்பதே மேல். "நாளைக்கு மழை, கிழக்குப் பக்க வயல்கள் எல்லாம் இரண்டு நாள் பிந்துகின்றன, அதை இதில் மாற்றிக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். விரல் எங்கே தயங்குகிறது என்பதில் உபசாரம் இருக்காது.

இனி, விளக்குவது. நடந்தது முன்னும் பின்னுமாக நடந்திருக்க, அதை ஒழுங்கான கதையாகச் சொல்வது நேர்மையா என்ற ஐயம் பலருக்கு உண்டு. டேவிட் பார்னஸும் போல் கிளெமென்ட்ஸும் 1986 இல் இதற்கு விடை தந்திருக்கிறார்கள். மென்பொருளை முற்றிலும் தர்க்க ஒழுங்கில் எவரும் வடிவமைப்பதில்லை. தேவைகள் தொடக்கத்தில் முழுதாகத் தெரிவதில்லை, தெரிந்தவையும் இடையில் மாறுகின்றன, செய்யும்போதே பல விபரங்கள் புலப்படுகின்றன. ஆயினும் ஆவணத்தைத் தர்க்க ஒழுங்கில் நடந்ததுபோலவே எழுத வேண்டும், ஏனெனில் வாசிப்பவருக்குத் தேவை நாம் அலைந்த பாதையன்று, முடிவின் காரணம் என்பதே அவர்களுடைய வாதம். கைவிட்ட மாற்று வழிகளையும் கைவிட்ட காரணத்தையும் அதில் பதிய வேண்டும் என்றும் அவர்கள் கேட்டார்கள். வரிசையை ஒழுங்குபடுத்துவது வேறு, நடக்காத ஆராய்ச்சியை நடந்ததாக எழுதுவது வேறு. நம் இளைஞர்கள் தம் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோக்களில் 'சாரா, 32 வயது, சந்தைப்படுத்தல் முகாமையாளர்' என்று இணையத்தில் எடுத்த படத்தோடு ஒரு கற்பனைப் பயனர் சிரித்துக்கொண்டிருப்பதைக் காணும்போதெல்லாம், அவர் ஏன் செங்கலடியில் நெல் வெட்டப் போகிறார் என்று கேட்கத் தோன்றுகிறது.

யாருக்கு விளக்குகிறோம் என்பதைப் பொறுத்து எடுத்துச் சொல்ல வேண்டியது மாறும். பணம் தரும் கமக்காரர் அமைப்பின் தலைவருக்கு இரட்டை வைரமும் வேண்டாம், படிமுறையும் வேண்டாம். எந்த வாரம் எதைக் கையில் தருவீர்கள், தம்முடைய ஆட்கள் எப்போது நேரம் ஒதுக்க வேண்டும், அறுவடை தொடங்க முன்னர் முடியுமா என்பவை போதும். நிரலாக்குநருக்கு விதிவிலக்குகள் வேண்டும்: பட்டியலில் பெயரே இல்லாதபோது திரை எப்படியிருக்கும், வட்டைக்குள் சிக்னல் இல்லாதபோது செய்த மாற்றம் எங்கே சேமிக்கப்படும், இருவர் ஒரே நேரத்தில் வரிசையை மாற்றினால் யாருடையது நிற்கும். நேர்முகப் பரீட்சையில் இருப்பவர் தேடுவதோ தீர்ப்புத் திறனை. அவருக்கு முழுத் திட்டத்தையும் ஒப்புவிப்பதைவிட, மாறிய ஒரு முடிவை எடுத்து, முன்னர் என்ன நினைத்தேன், எது தெரியவந்தது, அதனால் எதை விட்டேன், இன்னும் எது எனக்கு நிச்சயமில்லை என்று சில நிமிடங்களில் சொல்வது நன்று. அவர் கொழும்பை விட்டு வெளியே வயலையே பார்த்திராதவராக இருந்தாலும், நடு வயலுக்குப் பாதையில்லை என்ற ஒன்றை உடனே விளங்கிக்கொள்வார்.

குறிப்பேட்டுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது: எதை விடலாம் என்பதை அது காட்டும். எந்த முடிவையும் மாற்றாத படிகள் அதில் தெரிந்துவிடும். மெஷின் வரிசை வேலையில், போட்டிச் செயலிகளை ஒப்பிட்டு வரையும் அட்டவணையால் ஒரு முடிவும் மாறியிராது. அந்த வட்டையில் போட்டி என்பதே தரகரின் கொப்பியும் பேனாவும்தான். ஆனால் அதே வடிவமைப்பாளர் மருதமுனைக் கைத்தறிச் சாறன்களை இணையத்தில் விற்கும் தளமொன்றை எடுத்தால், வாங்குபவர் ஏற்கெனவே முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் விலை பேசிப் பழகியவர் என்பதால், அந்த ஒப்பீடே முதல் வேலையாக வேண்டியிருக்கும். தொலைபேசி யாருடைய கையில் என்ற கேள்வி பின்னால் போகும், துணியின் நிறம் திரையில் உண்மையாகத் தெரிகிறதா என்ற புதிய கேள்வி முன்னால் வரும்.